விரல் நகராத நேரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். தோழிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது, துணைக்குப் போயிருந்தேன். எதிர்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் போனில் குட்டி வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தோழி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கட்டைவிரல்களைப் பார்த்தாள்.

"அந்தக் கண்ணாடிக்காரர் இப்ப தள்ளுவார் பாரு," என்றாள். தள்ளினார். "பக்கத்துல இருக்கற அம்மா தள்ள மாட்டாங்க." அந்த அம்மா தள்ளவில்லை.

"எப்படித் தெரியும்?"

"நாங்க பண்ணினதுதானே."

தோழி வேலை பார்ப்பது அப்படி ஒரு செயலியை நடத்தும் நிறுவனத்தில். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக, எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் குழுவில் ஒருத்தி. பல்லைப் பிடுங்கிய பிறகு பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். வாயில் பஞ்சோடு, வீடு போய்ச் சேரும் வரை, தன் அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். பாதிச் சொற்கள் பஞ்சில் போயின. பிறகு கேட்டு நிரப்பிக்கொண்டேன்.

"எழுதட்டுமா?" என்றேன்.

"எழுது. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டிடு."

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

உயரம் என்பது மனிதனுக்கு

(விட்டுவிட்டேன். 'என்பது' என்று ஆரம்பித்தால் அடுத்த வரியில் அறிவுரை வந்து உட்கார்ந்துவிடும்.)

நகரத்துக்கு மேலே, மேகங்களோடு பேசியபடி, தனியாக ஒரு

(கிரேன் ஓட்டுகிறவர் மேகங்களோடு பேசுவதில்லை. கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் வாக்கி டாக்கியில் திட்டு வாங்குகிறார்.)

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

இது இருக்கட்டும். நடந்தது இதுதான்.

தோழியின் அண்ணன் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டி முடிக்காத கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்குமே, அந்த உயரமான கிரேன். காலையில் செங்குத்து ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். மழையிலும் ஈரக் கம்பியிலும் இத்தனை வருஷம் ஏறி இறங்கியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் கால் வைத்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்துவிட்டு, தண்ணீர், மாத்திரை, ரிமோட் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அவர் வேலைக்குப் போய்விடுவார். அண்ணனும் சுவரும்தான் மிச்சம்.

தங்கை பார்க்க வந்தாள். (இனி தோழியைத் தங்கை என்றே எழுதுகிறேன். கதைக்குள் அவள் எனக்குத் தோழி இல்லை.) அண்ணனுடைய போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள்.

"போரடிச்சா இதைப் பாரு. நான் பண்ணினதும் இதுல இருக்கு."

"எது?"

ஓடிக்கொண்டிருந்த வீடியோவின் கீழ்விளிம்பைக் காட்டினாள். முடியப் போகிற சமயத்தில், அடுத்த வீடியோ கீழிருந்து நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்த்தது.

"இதுவா?"

"இதுதான்."

"இதுக்கா உனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க?" என்று அண்ணன் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

3

(இது அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவில் வைக்கிறேன்.)

அந்த நகக்கண் அளவு விளிம்பைப் பற்றித் தங்கை சொன்னது: ஒன்றைப் பார்த்து முடித்தவுடன் மனதில் ஒரு சின்ன ஓய்வு வருகிறது. போதும், போனை வைக்கலாம் என்று தோன்றுவது அந்த ஓய்வில்தான். அடுத்தது முன்கூட்டியே தலைகாட்டிவிட்டால் அந்த ஓய்வு வருவதில்லை. அது யாருடைய முதுகு, யாருடைய வால் என்று பார்த்துவிட்டு வைப்போம் என்று விரல் போகிறது. பிறகு இன்னொரு விளிம்பு.

மற்றதெல்லாம் நாமே பார்த்தால் தெரிகிறது. படம் திரையை நிரப்பி போனின் கடிகாரத்தை மூடிவிடுகிறது. பிடித்தால் அழுத்த வேண்டிய இதயம் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிடிக்காவிட்டால் அழுத்த வேண்டியதைத் தேட வேண்டும்.

எனக்குப் புதிதாக இருந்தது ஒன்றுதான். பயனருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்க இதயத்தை அவர்கள் பெரிதாக நம்புவதில்லை. மரியாதைக்காகக்கூட இதயம் போடுவார்கள். விரல் பொய் சொல்லாது என்பது அவர்கள் நம்பிக்கை. எந்த வீடியோவில் விரல் நகராமல் நின்றதோ, அது பிடித்தது. ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டேன். "ஒருத்தர் திகைச்சுப் போய் நின்னா?"

"நின்னார்னுதான் வரும்," என்றாள்.

4

முதல் வாரம் அண்ணன் பார்த்தவை: மேஜை செய்கிற ஆட்கள், குளிக்க அடம்பிடிக்கும் நாய்கள், சமையலறையில் வழுக்கி விழும் ஆட்கள். கடைசி வகையைப் பார்த்துத் தன் காலைத் தட்டிக்கொண்டு சிரித்ததாக அண்ணி சொன்னார்.

பிறகு ஒரு மத்தியானம், எங்கோ ஒரு ஊரில் ஒரு கிரேன் சாய்ந்தது.

அதை அவர் தொழில்காரராகத்தான் பார்த்தார். காற்றில் தூக்கியிருக்கிறான் மடையன். இல்லை, பின்பக்கத்து எடைக்கல் குறைவு. இல்லை, அடித்தளம் இறங்கியிருக்கிறது. எது என்று தெரியத் திரும்பப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். மாலையில் அண்ணி வந்ததும் காட்டி விளக்கம் சொன்னார்.

மறுநாள் காலை இன்னொரு கிரேன். அதற்கடுத்து, கம்பி அறுந்து லோடு விழுவது. அதற்கடுத்து, காற்றில் பொம்மை மாதிரி சுற்றும் கிரேன். உலகத்தில் இத்தனை கிரேன் இருக்கிறதா என்று முதலில் ஆச்சரியம். கொஞ்ச நாளில் கிரேன் என்றாலே விழுவது என்று ஆயிற்று. ஒழுங்காக நிற்கும் கிரேனை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

அண்ணி மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். ஜன்னல் கதவு காற்றில் அடித்தால் நிமிர்ந்து உட்காருகிறார். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட மறந்துவிடுகிறார். தெருவில் லாரி சரக்கு இறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறார், கட்டுக் காலோடு.

"கால் வலியா?"

"இல்லை."

"பின்ன என்ன?"

"ஒண்ணுமில்லை. வெளிய யாராவது நிக்கறாங்களான்னு பார்த்தேன்."

5

இந்த இடத்தில் எனக்குத் தங்கையின் மேல் சந்தேகம் வந்தது. பாத்திரமாகத்தான். முதல் பிரதியில் அவளைக் குற்றவுணர்ச்சியில் அழவிட்டிருந்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, "நான் எப்ப அழுதேன்? அப்ப எனக்கு விஷயமே தெரியாதே," என்றாள். உண்மைதான். அந்த நாட்களில் அவள் தன் விளிம்புக்காக அலுவலகத்தில் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஆகவே கண்ணீரை எடுத்துவிட்டேன். பத்தி வறண்டுதான் இருக்கிறது.

கட்டுப் பிரித்தார்கள். கால் பழையபடி ஆனது. அண்ணன் வேலைக்குக் கிளம்பினார். மாலை வந்தார். மறுநாளும் கிளம்பினார், வந்தார். அந்த வாரத்தின் கடைசியில் சைட் சூப்பர்வைசர் அண்ணிக்குப் போன் பண்ணினார்.

"சாருக்குக் கால் எப்படி இருக்கு? எப்ப வர்றார்னு கேட்கத்தான்."

"தினமும் வந்துட்டுத்தானே இருக்கார்?"

சூப்பர்வைசர் நடந்ததைச் சொன்னார். முதல் நாள் வந்தார். பெல்ட் மாட்டினார். ஏணியில் பாதி ஏறினார், நின்றார், இறங்கினார். கால் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்ப வரவேயில்லை.

அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. பெரிய கடை ஒன்றின் மாடியில், மெத்தை நாற்காலிகள் விற்கிற பகுதி. வாங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். விற்பனையாளர் கிட்டே வந்தால் வேறு நாற்காலிக்கு மாறுவார். (இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவரும்தான்.)

6

அண்ணி தங்கையைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தங்கை என்னிடம் சொன்னாள்.

"நீ போட்டுக் கொடுத்ததுதானே? நீயே வந்து பாரு."

வந்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் போனை நீட்டினார். தங்கை தள்ளிப் பார்த்தாள். கிரேன், கிரேன், அறுந்த கம்பி, சாய்ந்த சாரம், கிரேன். நடுவில் எங்கேயோ தப்பித்து வந்த மாதிரி ஒரு நாய். உடனே இன்னொரு கிரேன்.

"எதுக்குண்ணா இதையெல்லாம் பார்க்கறே?"

"பார்க்கலைன்னா எப்படித் தெரியும்?"

"என்ன தெரியணும்?"

"எப்படி விழும்னு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி விழுது, குட்டி. நான் பார்க்காம விட்ட மாதிரி ஒண்ணு இருந்து, அது நம்ம சைட்ல நடந்தா?"

"அண்ணா, இத்தனை கிரேன் விழலை. நீ நின்னு பார்த்தே. பிடிக்குதுன்னு அது எடுத்துக்கிச்சு. அதனால உலகத்துல எங்க விழுந்தாலும் உன்கிட்டக் கொண்டு வந்து கொட்டுது."

அண்ணன் போனைப் பார்த்தார். "பிடிக்குதுன்னா?"

"ஆமா."

"யாருக்காவது இது பிடிக்குமா?"

தங்கை போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரையில் விரலை அழுத்திப் பிடித்து, வந்த பட்டியலில் கடைசிக்குப் போய், 'இதில் ஆர்வமில்லை' என்பதை அழுத்திக் காட்டினாள். அண்ணி எட்டிப் பார்த்தார்.

"இப்படி ஒண்ணு இருக்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக்கூடாதுன்னுதான் அங்க வச்சிருக்கு அண்ணி." வைத்தவர் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரர். நல்ல மனுஷர், மதியம் தன் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வார்.

எல்லாவற்றையும் அழித்து, செயலியைப் பிறந்த குழந்தை மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

(இங்கே முடித்திருந்தால் நல்ல பத்திரிகைக் கட்டுரை. இந்தச் செயலியைப் பயன்படுத்துவது எப்படி என்று பெட்டிச் செய்தியும் போட்டிருக்கலாம்.)

ஒரு வாரம் நாய்கள் வந்தன. மேஜைகள் வந்தன. பிறகு அண்ணன் தானே தேடல் கட்டத்தில் 'கிரேன் விபத்து' என்று தட்டினார். அண்ணி பார்த்துவிட்டார். அண்ணன் மறைக்கவும் இல்லை.

"பட்டனை ஒளிச்சு வச்சது உங்க ஆளுங்க," என்று அண்ணி போனில் சொன்னார். "தேடிப் போனது இவரு. யாரைக் கேட்கறதுன்னு எனக்குத் தெரியலை."

7

தங்கை அலுவலகத்தில் ஒரு யோசனை சொன்னாள். ஒரே மாதிரியான பயங்கரம் தொடர்ந்து வந்தால், நடுவில் ஒரு வெள்ளைத் திரை. அதில் ஒரே கேள்வி: இதை இன்னும் பார்க்க வேண்டுமா? ஆம் என்றால் தொடரும். வேண்டாம் என்றால் நின்றுவிடும். அவ்வளவுதான்.

மேலாளர் கெட்டவர் இல்லை. (கெட்டவராக எழுதிப் பார்த்தேன். உட்காரவே இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போன் கொடுப்பதில்லை என்று தங்கை சொன்னதும் விட்டுவிட்டேன்.) "சோதனை பண்ணிப் பார்த்துடலாம்," என்றார்.

கொஞ்சம் பேருக்கு மட்டும் அந்த வெள்ளைத் திரையைக் காட்டினார்கள். அவர்களில் நிறையப் பேர் 'வேண்டாம்' என்று அழுத்தினார்கள். அதோடு செயலியையும் மூடிவிட்டுப் போனார்கள். எழுந்து தண்ணீர் குடித்திருக்கலாம், வீட்டில் யாரிடமாவது பேசியிருக்கலாம். அது கணக்கில் வராது. போனார்கள் என்பது வந்தது.

"பயந்து போய் யாரும் நம்மை விட்டுப் போகலையே," என்றார் மேலாளர். "பயந்தவங்கதான் இருக்காங்க. கேள்வி கேட்டாத்தான் போறாங்க."

அதை அவர் ஒரு கண்டுபிடிப்பைச் சொல்வதைப் போலச் சொன்னார். வெள்ளைத் திரையை எடுத்துவிட்டார்கள். தங்கை வேலையை விட்டாளா என்று கேட்பீர்கள். விடவில்லை. வேறு குழுவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள். காத்திருக்கிறாள்.

8

அண்ணனுக்கு ஒரு வழி சூப்பர்வைசர் மூலமாக வந்தது. "மேல ஏற வேணாம் சார். கீழ நில்லுங்க. சிக்னல் கொடுங்க." லோடு கட்டுகிற இடத்தில் நின்று, மேலே கூண்டில் இருப்பவருக்கு வாக்கி டாக்கியில் தூக்கு, நிறுத்து, இடது, இறக்கு என்று சொல்கிற வேலை. அண்ணன் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து மெத்தை நாற்காலிக் கடைக்குப் போகவில்லை. வீடியோவும் குறைந்தது, எப்படிக் குறைந்தது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்க உண்மையான லோடைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அது சலித்திருக்கலாம்.

அப்போது நான் எழுதிவைத்த முடிவு:

உயரத்தைக் கண்டு பயந்துபோன மனிதன், தரையில் கால் ஊன்றி, தான் ஒருகாலத்தில் அமர்ந்திருந்த கூண்டை அண்ணாந்து

9

அதைத்தான் அவரிடம் படித்துக் காட்டினேன். விடுமுறை நாள் மத்தியானம். அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். குளியலறையில் சிரித்தார், மெத்தைக் கடையில் சிரித்தார். 'உயரத்தைக் கண்டு பயந்துபோன' என்ற இடத்தில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அது இல்லை."

"எது?"

"உயரமெல்லாம் எனக்கு ஒண்ணும் பயமில்லை. குட்டியும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கா. நானும் திருத்தலை."

போனை எடுத்து, தேடி, ஒரு வீடியோவைக் காட்டினார். நான் கதைக்காகப் பலமுறை பார்த்த அதே வீடியோ, முதலில் சாய்ந்த கிரேன்.

"எங்க பார்க்கறீங்க?"

"கிரேனை."

"கிரேனை விடுங்க. இங்க பாருங்க." படத்தின் கீழ் மூலையில் விரல் வைத்தார். அங்கே ஒரு ஆள். தோளில் ஒரு தண்ணீர்க் கேன். முதுகைக் காட்டி நடந்துகொண்டிருக்கிறார். மேலே எல்லாம் சாய்கிறது. அவர் கேனைத் தோள் மாற்றிக்கொள்கிறார். வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது.

"மேல கூண்டுல இருக்கறவனுக்கு ஏதோ தப்பாயிடுச்சுன்னு தெரியும்," என்றார். "இவருக்குத் தெரியாது. நகர்ந்தாரா, இல்லையான்னு பார்க்கத்தான் திரும்பத் திரும்பப் போடுவேன். ஒரு தடவைகூடக் காட்ட மாட்டேங்குது."

அவரே தொடர்ந்தார்.

"இத்தனை வருஷம் மேல இருந்தேனா, அங்க இருந்து பார்த்தா எல்லாரும் ஒரு மஞ்சள் தொப்பிதான். இந்த வீடியோ எல்லாம் கீழ இருந்து எடுத்தது. அதுல முகம் இருக்கு. சாப்பிடறாங்க, போன் பேசறாங்க, பேன்ட்டைத் தூக்கி விட்டுக்கறாங்க. அன்னிக்கு ஏணியில பாதி ஏறிட்டுக் கீழ பார்த்தேன். லோடு போற வழியில ஒருத்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துட்டு உட்கார்ந்திருந்தார். மூடியில ஊறுகாய் மாதிரி ஏதோ வச்சிருந்தார். அவ்வளவுதான். என் கைதான் எல்லாரையும் கொல்லப் போறதுன்னு தோணிடுச்சு. இறங்கிட்டேன்."

அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இதை ஏன் என்கிட்டச் சொல்லலை?" என்றார்.

"நீ காலைப் பத்தித்தானே கேட்டே," என்றார் அண்ணன். கிண்டலாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார். அண்ணி வந்து இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தங்கையிடம் சொன்னேன். "திரையில எந்த மூலையைப் பார்க்கறாங்கன்னு எங்களுக்கு வராது," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வந்தா அதையும் உபயோகிச்சுப்பாங்க. தண்ணீர்க் கேன் தூக்கறவங்களா அனுப்புவாங்க," என்றாள்.

(மேலே பல இடங்களில் நான் அவரை உயரத்துக்குப் பயந்தவராகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். திருத்தப் போய், அப்படியே விட்டுவிட்டேன். செயலி செய்த தப்பை நானும் செய்தேன். அவர் எங்கே நின்றார் என்று பார்த்தேன். எதைப் பார்த்து நின்றார் என்று கேட்கவில்லை.)

10

இனி முடிவு.

மேலே கூண்டில் இருந்தவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறார். இடம் காலி. சூப்பர்வைசர் அண்ணனைக் கேட்டிருக்கிறார்.

அவர் ஏற வேண்டும் என்று தங்கை நினைக்கிறாள். ஏறிவிட்டால் தன் விளிம்பு நிரந்தரமாக எதையும் கெடுத்துவிடவில்லை என்று ஆகும். இதை அவளே சொன்னாள். கீழேயே இருக்கட்டும் என்கிறார் அண்ணி. கீழே நிற்கத் தொடங்கிய பிறகுதான் அவர் மாலையில் வந்து பேசுகிறார், யார் இன்று என்ன சாப்பிட்டார்கள் என்றெல்லாம். எனக்கு அவர் ஏறினால் நல்லது. ஏணியில் ஒரு மனிதன் ஏறுவது கதையில் பார்க்க நன்றாக இருக்கும். அதனாலேயே என் விருப்பத்தை நான் நம்பவில்லை.

அவரிடமே கேட்டேன். "பார்ப்போம்," என்றார்.

கொஞ்ச நாள் கழித்து, வேலை நேரத்தில் அவருக்குப் போன் பண்ணினேன். முடிவைக் கேட்க இல்லை. லோடு காற்றில் சுற்றாமல் இருக்க ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்களே, அதற்கு என்ன பெயர் என்று கேட்கத்தான். எடுத்தார். ஒரே காற்றுச் சத்தம். நடுவில் வாக்கி டாக்கியின் கரகரப்பு.

"போன் எடுக்கக் கூடாது. இப்ப சும்மாதான் நிக்குது, சொல்லுங்க."

சொன்னேன்.

"கயிறுக்கு என்ன பேரு? கயிறுன்னுதான் சொல்வோம்." பிறகு, "லோடு கட்டிட்டாங்க, வைக்கறேன்," என்றார்.

ஆனால் சரியாக அணைக்கவில்லை. போன் எதற்குள்ளோ போன சத்தம். துணி உரசல். பிறகு அவர் குரல், வேறு யாரிடமோ: "அந்த நீலச் சட்டைக்காரரை நகரச் சொல்லு... இல்லை, அவர் முதல்ல நகரட்டும்... அவசரம் ஒண்ணும் இல்லை."

நீலச் சட்டைக்காரர் நிதானமான ஆளாக இருக்க வேண்டும். நிறைய நேரம் காற்று மட்டும் கேட்டது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் குரல் கூண்டிலிருந்து கீழே பேசுகிறதா, தரையிலிருந்து மேலே பேசுகிறதா என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன். காற்று இரண்டு இடத்திலும் அடிக்கிறது.

தங்கையைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். இன்றுவரை கேட்கவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள், வேண்டியது ஒன்றோ மூன்றோ எழுத்துதான். 'தூக்கு' என்றால் அவர் கீழே. 'தூக்கறேன்' என்றால் மேலே.

நீலச் சட்டைக்காரர் நகர்ந்துவிட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அண்ணன் சொன்னார்: "ஆங், போயிட்டார். சரி, தூக்